எட்டாம் பிளாக்கின் ஒரே விரிசல்

தங்கபுஷ்பம் தன் வீட்டு அடுப்படிச் சுவரில் இருந்த விரிசலைப் பூசி அடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த விரிசல் அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு ரயிலேறிப் போய், எட்டாம் பிளாக் எங்கே என்று விசாரித்து, இருபத்து நான்கு வீட்டில் எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். காபியும் கொடுப்பார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு வயது நாற்பத்தாறு. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. புருஷன் ராஜபாண்டி குஜராத்துக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அரசாங்க வீட்டு வாரியம் கட்டிக் கொடுத்த எட்டாம் பிளாக்கில், தரைத்தளத்தில், ஆறாம் எண் வீடு அவளுடையது. குழாய் ஒழுகினால், சாக்கடை அடைத்தால், சுவிட்ச் பொரிந்தால் வாரியத்தின் ஆபீசில் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்துவிட்டு வரவேண்டும் என்பது சட்டம். ஆறு வருஷம் அவளும் ஒழுங்காகப் போய் எழுதினாள். மழைக்கு முன் எழுதினாள், மழைக்குப் பின் எழுதினாள், எழுத்து அழகானதுதான் மிச்சம், ஒரு நாய் வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஏழாவது வருஷம் ஒரு நாள் அவளே ஸ்பேனர் வாங்கி வந்து குழாயைக் கழற்றினாள். மேலே வால்வை மூட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் தரைத்தளம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் வாயில் வந்தபடி ஏசினார்கள். ஏச்சு வாங்கிக்கொண்டே வாஷரை மாற்றினாள். அன்றைக்கு நின்ற சொட்டு பிறகு சொட்டவேயில்லை. அப்புறம் பியூஸ் போட்டாள், கதவுக் கீலை இறக்கி ஏற்றினாள், கழிவறையில் பெயர்ந்த டைல்ஸைப் பதித்தாள். அந்த வீட்டில் அவள் கை படாத ஆணி ஒன்று கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டைத்தான் இடிக்கப்போவதாகப் பேச்சு கிளம்பியிருந்தது. இடித்துவிட்டு, உப்பளத்துக்கு அப்பால் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டலில் கட்டிய வீட்டுக்கு அத்தனை பேரையும் அனுப்பப் போகிறார்கள். கம்பெனி வேன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, பஸ்ஸும் கிடையாது. அங்கே போனால் வேலை போய்விடும், வேலை போனால் பிறகு ராஜபாண்டியின் லாரியை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விரிசல் ஒரு முழ நீளம் இருக்கும். நடுவில் மூன்று கிளையாகப் பிரிந்து, நுனியில் வால் மட்டும் கொக்கியாக மேலே வளைந்திருக்கும். அதை அவள் சும்மா மேலாகப் பூசி மூடவில்லை. உளியால் இரண்டு பக்கமும் கொத்தி அகலப்படுத்தினாள், பழைய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள், செம்பில் தண்ணீர் எடுத்து விரிசலின் உள்வாய் குளிரக் குளிரத் தெளித்தாள், மணலைச் சலித்து மூன்றுக்கு ஒன்று சிமெண்ட் கலந்து அழுத்தி நிரப்பித் தேய்த்தாள். கைக்கு ஒட்டாத பதம் வருகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆக, முறையாகச் செய்தாள். முறையாகச் செய்ததால்தான் அது கிளம்பிப் போனது.

நாலரை மணிக்கு ஏழாம் எண் சந்தனமாரி வந்து நின்றாள். இட்லிக்கடைக்காரி, தங்கபுஷ்பத்தைவிட ஐந்து வயது மூத்தவள், ஊரில் யாருக்கும் பயப்படாதவள்.

"ஏட்டி, உன் வீட்டு விரிசல எதுக்குட்டி என் வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்க?"

"எக்கா, நான் எங்க அனுப்புனேன்? அதுவா வந்திருக்கும்."

"அதுவா வாரதுக்கு அது என்ன உன் கொழுந்தனா? வந்து பாரு, அதே வாலு."

போய்ப் பார்த்தாள். அதே மூன்று கிளை, அதே கொக்கி வால், சந்தனமாரியின் மாவுப் பானைக்கு மேலே. தங்கபுஷ்பம் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள், பிறகு, "சரி, மிச்சச் சிமெண்ட் இருக்கு, கொண்டாறேன், பூசுவோம்" என்றாள். பூசினார்கள். மறுநாள் அது எட்டாம் எண் வீட்டில் இருந்தது.

எட்டிலிருந்து அது நேர் மேலே உள்ள பதினாறுக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. முதல் மாடியின் மறுகோடியில் இருக்கிற ஒன்பதுக்குப் போனது. வாரியம் கட்டின சுவரின் விரிசலுக்கு வாரியத்தின் நம்பர் வரிசைதானே தெரியும் என்று சந்தனமாரி சொன்னாள், அதற்குமேல் அதைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இருபத்து நான்குக்குப் போனதும் திரும்ப ஒன்றுக்கு வந்தது. பிளாக்கில் இருந்தது மொத்தம் ஒரே ஒரு விரிசல், அது வீடு வீடாக வரும், அவரவர் பூசி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

முதல் சுற்றில் சண்டை. இரண்டாம் சுற்றில் சலிப்பு. மூன்றாம் சுற்றில் முறை வந்துவிட்டது. அனுப்புகிற வீட்டுக்காரி ஒரு தாம்பாளத்தில் அரைப்படி சிமெண்டும், சலித்த மணலும், ஒரு சீப்பு வாழைப்பழமும், வெற்றிலை பாக்கும் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விரிசல் சீர் என்று அதற்குப் பெயர். பழம் கறுத்திருந்தால் பேச்சு வரும். பன்னிரண்டாம் எண் வீட்டில் பெண் பார்க்க வந்த சமயம், பதினோராம் வீட்டுக்காரி மூன்று நாள் பூசாமல் விரிசலைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள், அந்தக் கல்யாணம் அமைந்தது. பத்தொன்பதாம் வீட்டுக்காரி அவசரத்தில் தண்ணீர் காட்டாமல் காய்ந்த சுவரில் பூசிவிட்டாள். விடிந்து பார்த்தால் பூச்சு பொருக்குப் பொருக்காகத் தரையில் கிடந்தது, விரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது. இருபதாம் வீட்டில் சுவருக்குள் குழாய் கசிந்து சுவரே ஈரமாக இருந்ததால் விரிசல் அதில் ஏறாமல் நேரே இருபத்தொன்றுக்குப் போய்விட்டது. இருபதாம் வீட்டுக்காரிக்குப் பொல்லாத கோபம். "ஏன், எங்க வீடு மட்டும் ஆவாதாமோ?" என்று முறுக்கிக்கொண்டு, இரண்டே நாளில் தானே சுவரை உடைத்துக் குழாயைச் சரிசெய்தாள், அடுத்த சுற்றில் வரவும் வைத்தாள்.

பதினைந்தாம் எண் ஆபிரகாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அவர் நாற்பது நாள் அதை அனுப்பவில்லை. கேட்டால், "சத்தம் போடாம இருக்கு, நான் சொல்லுததக் கேக்கு, உங்களுக்கு என்ன அவசரம்?" என்றார். எல்லோருமாகப் போய்ப் பேசித்தான் பூசவைத்தார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடியதில் எட்டாம் பிளாக்கில் பூச்சுக் கரண்டி பிடிக்கத் தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. சுவருக்குப் பழகிய கை குழாய்க்குப் போனது, குழாய்க்குப் போன கை வயருக்குப் போனது, ஆபீசில் இருந்த தடித்த நோட்டில் எட்டாம் பிளாக்கின் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

வெள்ளையாகக் கிடந்ததே தப்பாகப் போயிற்று. குறையே எழுதாத கட்டடத்தில் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்று ஆபீசில் முடிவு கட்டி, கணக்கெடுக்க சிவக்கொழுந்து என்ற உதவிப் பொறியாளரை அனுப்பினார்கள். சாது மனிதர். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வரிசை நம்பர்படி பார்த்தார். ஒரு காபி குடிப்பார், சுவரைப் பார்ப்பார், போட்டோ எடுப்பார், போய்விடுவார். அவர் ஒன்றாம் வீட்டில் கால் வைத்த அன்றைக்கு விரிசலும் ஒன்றாம் வீட்டில்தான் இருந்தது. கெட்ட நேரம், வேறென்ன சொல்ல?

ஒன்றாம் வீட்டுக்காரிக்கு மானம் போயிற்று. வெளியாள் கண்ணில் பட்டபிறகு அதை வைத்துக்கொண்டிருப்பதாவது? அவர் தலை மறைந்ததும் பூசினாள், தாம்பாளத்தில் சீர் வைத்து இரண்டாம் வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் அவர் இரண்டாம் வீட்டுக்கு வந்தார், விரிசலைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், போனார். இரண்டாம் வீட்டுக்காரியும் வெட்கப்பட்டுப் பூசி மூன்றாம் வீட்டுக்கு அனுப்பினாள். இப்படியே இருபத்து நான்கு நாள், இருபத்து நான்கு காபி, இருபத்து நான்கு போட்டோ. அவருக்கு முன்னால் ஒரு வீடு தள்ளி விரிசல் போய்க்கொண்டே இருந்தது, பின்னாலேயே அவரும் போய்க்கொண்டே இருந்தார், ஒருத்திக்காவது பொறி தட்டியதா என்றால் இல்லை. தங்கபுஷ்பமும் தன் முறைக்குப் பூசி, பழுத்த பழமாகப் பார்த்து வைத்துச் சந்தனமாரிக்குச் சீர் கொண்டுபோனவள்தான்.

நோட்டீஸ் வந்தது. வீட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுப் போட்டோ ஒட்டி. இருபத்து நான்கு வீட்டிலும் கடுமையான விரிசல்கள் காணப்படுவதால் கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது, முப்பது நாளில் காலி செய்யவும்.

வேலை முடிந்து இறால் வாடையோடு வந்த தங்கபுஷ்பம் அதைப் படித்தாள். சந்தனமாரியின் நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். பிறகு மாடி மாடியாக ஏறி இருபத்து நான்கையும் வாங்கிவந்து படிக்கட்டுக்குக் கீழே தரையில் பரப்பினாள். இருபத்து நான்கு போட்டோ, இருபத்து நான்கிலும் அதே மூன்று கிளை, அதே கொக்கி வால். சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம கையாலயே கூட்டிட்டுப் போய்க் காட்டிருக்கோம்" என்றாள் சந்தனமாரி. தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பத்துப் பேர் ஆபீசுக்குப் போனார்கள். பெரிய பொறியாளர் குலசேகரன் போட்டோக்களைப் பார்த்தார், தங்கபுஷ்பம் சொன்னதை முழுக்கக் கேட்டார். விரிசல் வீடு மாறுகிறது என்பதற்கு அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. ஆபீசில் பைல் இடம் மாறுவதைப் பார்த்துப் பழகிய மனிதர்.

"ஆக, ஒண்ணுதான் இருக்குங்கிறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். அதையும் நாங்க பூசிடுதோம்."

"பூசினாலும் அடுத்த வீட்டுல வந்துடுதுல்ல? ஒண்ணு இருந்தாலும் பழுதுதாம்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நானே வந்து எல்லா வீட்டையும் பார்க்கிறேன். எங்கேயும் விரிசல் இல்லைன்னா நோட்டீஸ் வாபஸ். ஒண்ணு கண்ணுல பட்டாலும் மொத்தப் பிளாக்கும் காலி. சம்மதமா?"

சம்மதம் என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் மற்றவர்கள் அவளைத் திட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் படிக்கட்டில் கூட்டம் கூடியது. பீரோவை நகர்த்தி மறைத்துவிடலாம் என்றார் ஒருவர். காலண்டர் மாட்டலாம் என்றாள் ஒருத்தி. அதோடு பேசிப் பார்க்கிறேன் என்றார் ஆபிரகாம். தங்கபுஷ்பத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"மறைக்கதுக்கு நாம என்ன களவா எடுத்து வச்சிருக்கோம்? ஆறு வருஷமா எழுதி எழுதிப் போட்டோம், ஒருத்தன் வரல. நம்ம வீட்ட நாமளே சரிபண்ணிக்கிட்டோம், அது குத்தமாம். அந்த விரிசல வெள்ளிக்கிழமைக்கு என் வீட்டுக்குக் கொண்டாங்க. அந்த ஆள் கண்ணு முன்னாலயே நான் பூசுதேன். நீங்க இருவத்திமூணு வீட்டுக்காரவியளும் சுவர ஈரம் காயாமப் பாத்துக்கிடுங்க. ஈரச் சுவர்ல அது ஏறாது."

"அப்ப அது எங்கட்டி போவும்?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"அது அதோட பாடு. நாம எங்க போவோம்னு அந்த ஆபீஸ்காரவிய நம்மகிட்டக் கேட்டாவளா?"

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் மனசு சங்கடப்பட்டது. வீடு வீடாக விரட்டப்பட்டுக்கொண்டே இருந்த ஒன்றைக் கடைசியாகவும் விரட்டப்போகிறோமே என்று பாவமாக இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை, ஒன்று அது போகவேண்டும், இல்லை அவள் போகவேண்டும். ஒன்றாம் வீட்டில் இருந்த விரிசலை நாளைக்கு ஒரு வீடாக, சீர் குறையாமல், மரியாதையாகவே ஆறாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குலசேகரன் சிவக்கொழுந்தோடு வந்து இறங்கினார். வீடு வீடாக ஏறி இறங்கினார். சுவரெல்லாம் சொதசொதவென்று ஈரம், தரையெல்லாம் தண்ணீர், அவருடைய ஷூ நனைந்தது.

"என்ன இது, சுவரெல்லாம் ஈரம்?"

"வெள்ளிக்கிழமைல்லா சார், கழுவி விட்டோம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்.

ஆறாம் வீட்டில் விரிசல் அடுப்படிச் சுவரில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் உளியும் கரண்டியுமாகத் தங்கபுஷ்பம் நின்றாள்.

"இதோ இருக்கே" என்றார் அவர்.

"இருக்கு சார். ஒளிச்சு வைக்கல. உக்காந்து பாருங்க."

நாற்காலி போட்டாள். அவரும் உட்கார்ந்தார். அவள் கொத்தினாள், தூசி தட்டினாள், தண்ணீர் காட்டினாள், நிரப்பினாள், தேய்த்தாள். முடித்துவிட்டுத் திரும்பினால் அவர் மடியில் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: வாரியத்துக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்திலும், பூசப்பட்டதோ பூசப்படாததோ, ஒரு விரிசல் இருப்பினும் அக்கட்டடம் தகுதியற்றதாகக் கொள்ளப்பட்டு உடனே காலி செய்யப்படும். கீழே கையெழுத்தும் போட்டார்.

"பூசிட்டீங்க, நல்லாத்தான் பூசியிருக்கீங்க. ஆனா பூசினாலும் விரிசல் விரிசல்தான். அது எந்த வீட்டுல வெளிய வரும்னும் பார்த்துட்டுத்தாம்மா போவேன்" என்று சொல்லி நாற்காலியைப் படிக்கட்டுக்குக் கீழே போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. தூத்துக்குடி வெயிலுக்கு ஈரமாவது ஒன்றாவது? குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், பிடித்து வைத்த குடமெல்லாம் காலியாகிக்கொண்டே வந்தது. குளிக்க வைத்த தண்ணீர் சுவருக்குப் போனது, அரிசி கழுவிய தண்ணீர் சுவருக்குப் போனது, அடுப்பில் கொதித்த உலைத் தண்ணீரையும் இறக்கி ஆறவைத்துச் சுவரில் ஊற்றினார்கள், அன்றைக்கு எட்டாம் பிளாக்கில் ஒரு வீட்டிலும் சோறு வடிக்கவில்லை. பதினேழாம் வீட்டுச் சுவர் ஒரு மூலையில் வெளுத்துவிட்டது என்று குரல் வந்ததும் ஆபிரகாம் தன் குடிதண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். எழுபது வயது மனிதர், மூச்சு வாங்க முழுக் கேனையும் அந்த மூலையில் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தங்கபுஷ்பம் தன் வீட்டுப் பூச்சில் விரலை வைத்துப் பார்த்தாள். கைக்கு ஒட்டவில்லை. விரிசல் கிளம்பிவிட்டது.

எந்த வீட்டிலிருந்து கத்தல் வரப்போகிறதோ என்று ஒவ்வொருத்தியும் தன் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

குலசேகரனின் போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், எழுந்து நின்றார். "எங்கே?" என்றார். "என் சீட்டுக்குப் பின்னாலயா?" என்றார். "வாலா?" என்றார். பிளாக்கில் ஏறிக்கொள்ளக் காய்ந்த சுவர் ஒன்றும் கிடைக்காமல் அது நம்பர் வரிசையில் அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தது. வாரியத்தின் பதிவேட்டில் எட்டாம் பிளாக் இருபத்து நான்காம் எண் வீட்டுக்கு அடுத்த எண்ணில் பதிவாகியிருப்பது அந்த ஆபீஸ் கட்டடம்தான் என்பது பிறகு சிவக்கொழுந்து சொல்லித்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

தங்கபுஷ்பம் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"சார், அந்தத் தாளை இன்னொரு தடவ படிங்க."

அவர் தாளை மடிக்கப் பார்த்தார்.

"எந்தக் கட்டடத்துலயும்னு எழுதிருக்கிய. கையெழுத்தும் போட்டுட்டிய. அப்ப ஆபீச எப்ப சார் காலி பண்ணுதிய? உப்பளத்துக்கு அந்தப் பக்கம் வீடு சும்மாத்தான் கெடக்காம்."

வாசலிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் சாய்ந்து இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலசேகரன் தாளைப் பார்த்தார், சிவக்கொழுந்தைப் பார்த்தார், ஈர ஷூவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, எழுதியதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வேறொரு தாளில் எழுதினார்: குடியிருப்போரால் முறையாகச் சரிசெய்யப்பட்ட விரிசல், விரிசலாகக் கொள்ளப்படாது, எட்டாம் பிளாக்கில் இன்று விரிசல் ஏதும் இல்லை, நோட்டீஸ் ரத்து. தங்கபுஷ்பம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி போடச் சொன்னாள். போட்டார். பின்னால் யாரோ ஒருத்தி சத்தமாக அழ ஆரம்பித்தாள், சந்தனமாரியாகத்தான் இருக்கும். தங்கபுஷ்பத்துக்கும் கண் நிறைந்தது, ஆனால் அந்த ஆள் முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"எம்மா, நீங்களே ஒரு தடவை ஆபீசுக்கு வந்து அதைப் பூசிக் கொடுத்துட்டுப் போயிடுங்களேன். வண்டி அனுப்பறேன்."

"எனக்குச் சோலி கெடக்கு சார்" என்றாள் தங்கபுஷ்பம். "பக்கத்துலயே உக்காந்து முழுசாப் பாத்தியள்லா? கொத்துங்க, தண்ணி காட்டுங்க, பூசுங்க. உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்லா?"

சொல்லிவிட்டு உள்ளே போய், செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் சுவரின் புதுப் பூச்சின்மேல் தெளித்தாள். புதுப் பூச்சுக்கு மூன்று நாளாவது தண்ணீர் விட வேண்டும்.